மாற்றல் கடிதத்தின் பின்பக்கம்

இருபது வருடமாகக் கட்டிட வரைபடம் போடுகிறவளுக்கு 'ஆமையக்கா' என்ற பட்டம் கிடைத்தது போன மாதம்தான். வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். வீட்டில் இருந்ததோ ஒன்பது வருடப் பழைய கம்ப்யூட்டர். கட்டிடத்துக்குள் நாமே நடந்து போவது போன்ற படத்தை உருவாக்க அதற்கு நாலரை நாள் பிடித்தது. பழி மட்டும் அவள் தலையில் விழுந்தது.

வியாழன் காலை மேலாளர் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ஒரு மாற்றல் கடிதத்தை நீட்டினார். "திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள ஆஸ்பத்திரிப் படம் வரலைன்னா, இதுல கையெழுத்துப் போட்டுடுங்கக்கா. ஃபைல் அடுக்குற வேலைதான். உங்களுக்கும் நிம்மதி."

நிம்மதியாம், நிம்மதி! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பிக்குப் போன் போட்டு, பழைய பெட்டியின் வேகத்தைக் கூட்ட முடியுமா என்று கேட்டாள். "வேகத்தை ஏத்தினா எரிஞ்சு போயிடும்க்கா," என்றான்.

"எரிஞ்சா என் வீட்டுலதானே எரியும்?"

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, தூசி தட்டி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினாள். "எனக்கு வேர்க்குது, பெட்டிக்குக் காத்தா?" என்று கணவர் முணுமுணுத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இருந்த ஆத்திரத்தில் பிராசஸர் வேகத்தையும் மெமரி வேகத்தையும் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டாள். திரை கறுத்துப்போனது. ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மக்கர் செய்வது எது என்று தெரியாது. இதைப் பத்து தடவையாவது படித்திருந்தாள். கோபம் வந்தால் படித்ததெல்லாம் எங்கே நிற்கிறது? அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மாட்டினாள். பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுந்தது.

இந்த முறை முதலில் பிராசஸர், ஒரு படி ஏற்றம், ஒரு சோதனை. பிறகு மெமரி. எழுதிக்கொள்ளக் கைக்கு அகப்பட்டது மாற்றல் கடிதம்தான். அதன் பின்பக்கத்தில் எண்களாகக் குறித்தாள். மெமரியின் நாலாவது படியில் சோதனை ஒரே ஒரு பிழை காட்டியது.

"ஒண்ணுதானே, விடேன்," என்றார் கணவர்.

"அந்த ஒண்ணுல ஆஸ்பத்திரித் தூணே காணாமப் போயிடும்."

நாலை அடித்துவிட்டு மூன்றுக்கு இறங்கினாள். மறுபடி சோதித்தபோது பிழையில்லை. வியாழன் மாலை படத்தை ஓடவிட்டாள். மூன்றரை நாளும் பெட்டி உறுமியது, வீடு வெந்தது. திங்கள் விடியலில் படம் முடிந்தது.

அலுவலகத்தில் மேலாளர் அதை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். எல்லாத் தூணும் நின்ற இடத்தில் நின்றது.

"புது கம்ப்யூட்டராக்கா?"

"அதே பழசுதான் சார். நான்தான் வேகத்தை ஏத்தினேன்."

அவர் சிரித்தார். "இந்த வயசுல இவ்வளவு வேகம் உங்களுக்கு எதுக்குக்கா?"

அவள் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, எண்கள் தெரியும்படி அவர் மேசையில் வைத்தாள்.

"எப்படி ஏத்தினேன்னு இதுல இருக்கு சார். அந்தப் பக்கம் எனக்குத் தேவைப்படல."