உட்கார இடம் தேடியவன்

ரன்வாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் தம்பி ஹைனி பாறையில் உட்கார்ந்த நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு முன்னாலும் அவளுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. மீன் ஆலையில் கத்தி பிடிக்கிற வேலை, பாதி வருஷம் கடலிலேயே கிடக்கிற புருஷன், வீட்டுக்குப் பின்னால் காற்றில் ஆட்டுக்கறி உலர்த்துகிற மரக்கொட்டகை. ஆனால் அவளிடம் கேட்டால் அதெல்லாம் கதையே இல்லை என்பாள். கோபம் வந்த நாள்தான் அவளுக்குக் கணக்கு.

அக்டோபரில், மலையில் விட்ட ஆடுகளை ஊரே சேர்ந்து கீழே பட்டிக்கு ஓட்டி வரும். ஆளுக்கு ஆள் கூப்பிடு தூரம் விட்டு, மலையை அகலமாக அடைத்துக்கொண்டு இறங்க வேண்டும். வரிசையில் ஒருவர் நின்றுபோனால் அங்கே ஓட்டை விழும். அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க ஆட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அன்றைக்கு ஹைனி நின்றுபோனான். நின்றதோடு விடவில்லை, ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். பாதி மந்தை அவனைத் தாண்டி மறுபடி மலையேறிவிட்டது.

கீழே பட்டிச் சுவரோரம் காத்துக்கொண்டிருந்தவர் சாமல். ரன்வாவின் அம்மாவோடு பிறந்தவர், தாய்மாமன். சொந்தப் படகு, சொந்தக் குரல். மலையில் ஒரு தடவைகூட உட்காராதவர் என்று பெயர். அந்தப் பெயரை ஊர் மறந்துவிடாமல் அவரே பார்த்துக்கொள்வார். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு பேனாக்கத்தியும் ஒரு துண்டு உலர்ந்த ஆட்டுக்கறியும் கிடக்கும். நடக்கும்போது சீவிச் சீவி வாயில் போட்டுக்கொண்டே இருப்பார்.

"எங்கடா போன? தூங்கப் போனியா?"

"கால் வரல மாமா. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு."

"இருட்டிக்கிட்டு வருமாம்! டென்மார்க்குல போயி தச்சுவேல கத்துக்கிட்டு வரச் சொன்னா, கறிய விட்டுட்டு எலதழை திங்கக் கத்துக்கிட்டு வந்திருக்கான். ஆடு திங்கறத நீ தின்னா ஆட்ட யாருடா ஓட்டறது? சோம்பேறிப் பயலே."

பட்டியே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று ரன்வாவுக்கு இன்றைக்கும் தெரியும். கேட்டால் வரிசையாகச் சொல்வாள்.

டென்மார்க்குக்கு வடமேற்கே நடுக்கடலில் கிடக்கிற இந்தத் தீவுகளில் ஒருவனைத் திருடன் என்று சொன்னால் அவன் வழக்குப் போடலாம். குடிகாரன் என்றால் பாதி ஊர் அவன் தோளில் கைபோட்டுக்கொள்ளும். சோம்பேறி என்ற சொல்லுக்கு மட்டும் எங்கும் போய் நியாயம் கேட்க முடியாது. அது வீட்டு வாசலில் ஒட்டிக்கொள்ளும். மழையிலும் போகாது, இங்கே பெய்கிற மழையிலேயே போகாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மாதக் கடைசியில் ஹைனிக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்தது. அப்போதிருந்த வயசான டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். விழுங்க முடியவில்லை என்று அவன் சாப்பாட்டை நிறுத்தினான், மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. ஒரு முற்பகல் ரன்வா சூப் எடுத்துக்கொண்டு போனபோது கட்டிலில் கிடந்தான். உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. இருபத்து நாலு வயது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். இதயம் நிற்காமல் யார் செத்திருக்கிறார்கள்? ஏன் நின்றது என்று கேட்டாள். தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். ரேடியோவில் சாவுச் செய்தியோடு அவன் பெயரையும் வாசித்தார்கள். அதோடு ஊருக்கு முடிந்தது.

அடக்கம் முடிந்து வீட்டில் காப்பி. சாமல் மாமா கோப்பையைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் கேட்கப் பெருமூச்சு விட்டார்.

"பாவம் பய. எப்பவும் உக்கார எடம் தேடுவான்."

துக்கத்தில் சொன்னாரோ, பழக்கத்தில் சொன்னாரோ. ரன்வா எழுந்து போய் அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கித் தொட்டியில் கொட்டினாள்.

"காப்பி ஆறிடுச்சு மாமா. வீட்டுக்குப் போங்க."

அதற்குப் பிறகு அவர் வாசலை அவள் மிதிக்கவில்லை.

வசந்தம் வந்தபோது ரேடியோவில் வேறொரு செய்தி. ஊர் ஊராக இளவட்டங்கள் இப்படித் திடீரென்று செத்துப்போவதற்கு ரத்தத்தில் ஒரு குறை காரணமாக இருக்கலாம், எல்லாரும் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ரன்வா போனாள். விரலில் ஊசியால் குத்தி, தடித்த காகிதத்தில் ஒரு பொட்டு ரத்தம் ஒற்றி எடுத்து, காயவைத்து, டென்மார்க்கின் தலைநகர் கோபனேகனுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு இயந்திரம் அந்தப் பொட்டில் என்னென்ன பொருள் கிடக்கிறதோ அதையெல்லாம் துகள் துகளாகப் பிரித்து, எடைபோட்டு, இது இவ்வளவு, அது இவ்வளவு என்று சொல்லிவிடுமாம்.

பதில் போனில் வந்தது. புதிதாக வந்திருந்த டாக்டர் பிர்னா, சின்ன வயசுப் பெண்.

"ரன்வா, காலையில சாப்ட்டீங்களா?"

"வேலைக்குக் கெளம்பறேன். அங்க போயிதான்."

"மொதல்ல உக்காருங்க. சாப்பிடுங்க. சாப்ட்டுட்டு நேரா இங்க வாங்க. ஆலைக்கு நான் சொல்லிக்கறேன்."

உட்காருங்கள் என்று அந்த ஊரில் அவளிடம் யாரும் அதற்கு முன் சொன்னதில்லை. ஆலையில் பசியோடு நின்றால் அவளுக்கும் முழங்கால் நடுங்கும், கத்தி கனக்கும். தன்னிடமும் கொஞ்சம் சோம்பல் இருக்கிறது என்றுதான் அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

"சாப்ட்டதும் சர்க்கரை எரியும். அது தீந்தா ஒடம்பு கொழுப்ப எரிக்கணும்," என்றாள் பிர்னா. "ஆனா கொழுப்பு தானா அடுப்புக்குள்ள போகாது. அத ஏத்திக்கிட்டுப் போக ஒரு பொருள் இருக்கு. கார்னிட்டின்னு பேரு. தோணி மாதிரின்னு வச்சுக்குங்க. ஒங்க ஒடம்புல அது தங்கல. சிறுநீரகம் ஓட்டைச் சல்லடையா இருந்து அத்தனையும் வெளிய விட்டுடுது. ரத்தத்துலயும் பாத்தோம், சிறுநீர்லயும் பாத்துடலாம், இங்க கொறஞ்சது அங்க கெடக்கும்."

"அப்ப சரக்கு வந்து துறையிலயே கெடக்குது. ஏத்திப்போக ஆளில்ல."

"அதேதான். சரக்கு கெடக்க அடுப்பு அணையுது. மொதல்ல கால் நிக்கும். அப்புறம் இதயம்."

ரன்வா கேட்டாள்.

"தொண்ட வீக்கத்துக்கு மாத்திர குடுத்தா என்னாகும்?"

பிர்னா அந்த மாத்திரையின் பெயரைக் கேட்டாள். ரன்வா சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தாள். அந்த வகை மாத்திரை உடம்பில் இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் சிறுநீரோடு இழுத்துக்கொண்டு போய்விடும். மேலே பட்டினி வேறு. நாட்டில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையின் குதிகாலிலிருந்தும் எடுத்த ரத்தப்பொட்டை கோபனேகனில் குளிரில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஹைனியின் பொட்டைத் தேடியெடுத்துப் பார்த்தார்கள். அவனுக்கும் இதே குறைதான், பிறவியிலேயே.

நினைத்துப் பாருங்கள். பிறந்த வாரத்திலேயே அவன் குதிகாலைக் குத்தியிருக்கிறார்கள். ரத்தம் இருந்தது, காகிதம் இருந்தது, காலப்போக்கில் எடைபோட இயந்திரமும் வந்தது. உலகத்திலேயே இந்தக் குறை அதிகமாக இருப்பது இந்தத் தீவுகளில்தானாம். இருபத்து நாலு வருஷம் பனிப்பெட்டிக்குள் பதில் படுத்துக் கிடக்க, வெளியே இவனைச் சோம்பேறி என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். ரன்வா ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதாள் என்று சொல்வார்கள். பொய். அவள் தன் காரின் டயரை உதைத்தாள். பார்த்தவர்கள் உண்டு.

அவளுக்குக் கொடுத்த மருந்து, அந்தக் கார்னிட்டினேதான். தினம் மூன்று வேளை. குடித்தால் உடம்பே மீன் வாடை அடிக்கும்.

"என்ன ரன்வா, இன்னிக்கு எந்தக் கப்பல்லேர்ந்து ஏறங்கின?" என்றான் ஆலையில் மேஸ்திரி ஓலி.

"மீன் ஆலையில மீன் நாத்தம் அடிக்குதுன்னு கண்டுபுடிச்ச மொத ஆளு நீதாண்டா. ஒனக்கு ஒரு இயந்திரம் வச்சுத் தரச் சொல்றேன்."

அவள் மருந்தை விடவில்லை. முழங்கால் நடுக்கம் நின்றது. அது நிற்க நிற்க கோபம்தான் ஏறியது. இவ்வளவு லேசான காரியமா? ஒரு பாட்டில் தண்ணி மருந்தில் எழுந்து நடந்திருப்பானா அந்தப் பிள்ளை? அவளுக்கு ஒன்றே ஒன்று வேண்டும் என்று ஆகிவிட்டது. எந்தப் பட்டியில் அந்தச் சொல் விழுந்ததோ, அதே பட்டியில், அதே ஆட்கள் முன்னால், சாமல் மாமா அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பிர்னா சொன்னது வேறு. "ஒங்க சொந்தம் எல்லாரும் ரத்தம் குடுக்கணும். மாமாகிட்ட நீங்களே சொல்லுங்க."

படகுத்துறையில் போய் நின்றாள். சாமல் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

"நானா வரல. டாக்டரம்மா சொல்லி வந்தேன்."

"தெரியும் தெரியும். ஊரெல்லாம் விரல நீட்டிக்கிட்டுப் போகுதே." வாயைத் திறந்தார். உள்ளே ஒரு பல்லும் இல்லை. "இத்தனையும் தோர்ஷாவ்ன் பட்டணத்துல புடுங்கிட்டாங்க. புதுப் பல்லு வர்ற வரைக்கும் கஞ்சிதான். மிச்சமிருக்கற ரத்தத்தையாவது நானே வச்சுக்கறேன்."

"ஹைனிக்கு இருந்தது வியாதி மாமா. ரத்தத்துலயே பாத்துட்டாங்க."

"சோம்பலுக்கு ரத்தத்துல பேரு வச்சுட்டாங்களா? நல்லாருக்கு. அப்பிடிப் பாத்தா எனக்கும்தானே இருக்கணும்? அறுபத்தாறு வயசு. மலையில ஒரு தடவ உக்காந்ததில்ல புள்ள."

"ஒங்களுக்கு ஒண்ணும் இல்லாமயே இருக்கட்டும். இருந்தா, இன்னொரு வாட்டி வந்து சொல்லிக்கிட்டு நிக்க மாட்டேன்."

பல் போனதையும் கஞ்சியையும் அவள் காதில் வாங்கினாள், மனதில் வாங்கவில்லை. கோபத்துக்கு அவ்வளவுதான் காது.

மறுபடி அக்டோபர். மூடுபனி இல்லாத தெளிந்த நாள், மலை முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்தது. வரிசையில் ரன்வாவுக்கு அடுத்த ஆள் சாமல். பாதி மலை இறங்கியிருப்பார்கள். அவர் நடை தளர்ந்தது. நின்றார். கோலை ஊன்றிப் பார்த்தார். பிறகு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். ஆடுகள் ஓட்டையைக் கண்டுகொண்டன.

ரன்வாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வரக்கூடாத சந்தோஷம்தான், ஆனால் வந்தது. அது அடங்குவதற்குள் கஞ்சி ஞாபகம் வந்தது. ஓடினாள்.

அவர் முகம் சாம்பல் நிறம். பிளாஸ்க்கைத் திறந்து, சர்க்கரை கொட்டிய தேநீரை வாயருகே வைத்தாள். புளிப்புத் தண்டில் செய்த ரூபார்ப் ஜாம் தடவிய ரொட்டியைப் பிய்த்து அதில் நனைத்து ஊட்டினாள்.

"முழுங்கு."

"என்னமோ... இருட்டிக்கிட்டு..."

"இருட்டிக்கிட்டு வருமாம்! பேசாத. முழுங்கு."

அவர் விழுங்கினார். கீழிருந்து ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள்.

"ஏன் இப்ப ஒருத்தருக்கும் சிரிப்பு வரல?" என்றாள் ரன்வா. "பாதி மந்த போச்சே! சொல்லுங்க அந்த வார்த்தைய. போன வருஷம் நல்லா வந்துச்சே வாயில."

ஓலி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான்.

"நான் உக்கார எடம் தேடல புள்ள," என்றார் சாமல். குரல் உள்ளே போயிருந்தது. "கால் தானா..."

"அவனும் தேடல."

அவள் இன்னொரு துண்டு ரொட்டியை நனைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், இந்தத் தடவை அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ரத்தத்தில் கார்னிட்டின் அநேகமாக இல்லை, சிறுநீரில் கொட்டிக் கிடந்தது. ஆட்டுக்கறியில் அது நிறைய உண்டாம். ஒழுகுகிற படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே ஓட்டுகிற மாதிரி, இத்தனை வருஷம் சீவிச் சீவித் தின்ற கறிதான் அவரைத் தாக்குப் பிடிக்க வைத்திருக்கும் என்றாள் பிர்னா. பல் போனது, கறி போனது, பெயரும் போனது. மலையில் உட்காராத பெரிய மனுஷனின் வீரமெல்லாம் கோட்டுப் பைக்குள்தான் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, பையில் கறி இல்லாத பிள்ளையைத் திட்டியிருக்கிறார்.

தப்பிய ஆடுகளை ஓட்ட ஊர் இன்னொரு நாள் மலையேறியது. சாமல் ஏறவில்லை. பட்டிச் சுவரில் சாய்ந்து நின்றார். கோட்டுப் பையில் மருந்து பாட்டில். யாருடைய நாயோ அவர் காலை முகர்ந்து முகர்ந்து சுற்றியது.

"மாமா, நாய்க்கு ஒங்கள ரொம்பப் புடிச்சுப் போச்சு," என்றான் ஓலி. யாரும் சிரிப்பதற்கு முன்னால் ரன்வா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவர் எதிரே நின்றாள். கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

சாமல் சுவரிலிருந்து முதுகை எடுத்தார்.

"ஹைனி சோம்பேறி இல்ல," என்றார்.

"கேக்கல."

"ஹைனி சோம்பேறி இல்ல!" பல்லில்லாத வாய், எச்சில் தெறித்தது. ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. "நான்தான் தப்பாச் சொன்னேன். போதுமா?"

"போதாது," என்றாள் ரன்வா. "ஒரு வருஷம் கழிச்சு வந்திருக்கு. அவன் காதுல விழாது."

"வீட்டுக்கு வா புள்ள. காப்பி குடிச்சுட்டுப் போ."

"இன்னிக்கு இல்ல."

பட்டிக்குள் இறங்கி, கையில் கிடைத்த ஆட்டின் கொம்பைப் பிடித்து, யாருடையது என்று காதில் வெட்டிய அடையாளம் பார்த்தாள். மாமாவின் ஆடு. இழுத்துக்கொண்டு போய் அவருடைய அடைப்பில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"நின்னுக்கிட்டே இருக்காதீங்க மாமா. உக்காருங்க."