முள் முளைத்த பெட்டைகள்

பிள்ளைகளே, உங்கள் அத்தை புருஷன் நம் வீட்டுப் படி ஏறுவதில்லை, ஏன் என்று கேட்கிறீர்கள். எழுதிவிடுகிறேன். இத்தனை வருஷமாகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர் கட்டிய பழைய கோட்டை வாசலில் சேவல் சண்டை ஓயாமல் நடந்த காலம். என் மச்சானான அவருக்குக் கடல் பாதி, சேவல் பாதி. அவருடைய சேவல்களும் உங்கள் அம்மாவின் பெட்டைகளும் கோட்டைக்குப்பத்தில் நம் கூட்டில்தான் வளர்ந்தன. பொரித்ததில் எந்தச் சேவலுக்குக் கால் முள் நீளமோ, அதை மட்டும் இனத்துக்கு நிறுத்துவார். மற்ற சேவலெல்லாம் குழம்புக்கு. பெட்டையின் காலை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

சேவலுக்கு முள் நீண்டுகொண்டே போயிற்று. கடைசியில் பெட்டைகளுக்கும் முளைத்தது. அடைக்கு உட்கார்ந்த பெட்டை திரும்பிப் படுத்தாலே முள் குத்தி முட்டை உடைந்தது. வாடைக்காற்றில் தோணி இறக்க முடியாத நாட்களில் உங்கள் வயிற்றுக்கு அந்தக் கோழிகள்தான்.

மச்சான் வந்து பார்த்தார். தெருவே கேட்கிற மாதிரி, "பொட்டைக்கு முள்ளு மொளைச்சா வூட்டுக்கு ஆவாது. எல்லாம் உன் பொண்டாட்டி ராசி," என்றார்.

"இன்னாண்ணே, முள்ள நானா ஒட்டவச்சேன்?" என்றாள் அம்மா.

"தீட்டோட கூட்டத் தொட்டிருப்பே தங்கச்சி." பிறகு என்னிடம், "அத்தனையும் கழுத்தத் திருகிட்டு, இவள அம்மா வூட்டுக்கு அனுப்பு," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருடைய சேவலையும் அதன் மகளான பெட்டையையும் பிடித்து, நாலு காலையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாரு மச்சான். அதே எடம், அதே வளைவு. சேவலுக்கு ஒரு ரத்தம், பொட்டைக்கு வேற ரத்தமா? அப்பன் முள்ளு மகனுக்கு வந்தா மகளுக்கும் கொஞ்சம் வரத்தானே செய்யும்? பொறுக்கி எடுத்தது நீ. பழி இவளுக்கா?"

"பொண்டாட்டிக்குப் பரிஞ்சிகினு கோழிக்கு ஜாதகம் பாக்குறான் பாரு," என்று தெருவைப் பார்த்துச் சிரித்தார். தெருவும் சிரித்தது.

அவர் சேவல்களை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். திருப்பாலைவனத்தில் நெல் விளைவிக்கிற ஒருவரிடம் முள் குட்டையான சேவல் வாங்கி வந்து பெட்டைகளோடு விட்டேன். சில ஈடு குஞ்சு பொரித்த பிறகு பெட்டைகளின் கால் வழவழப்பானது. முட்டைகள் முழுசாகப் பொரித்தன. ஆனால் நம் சேவல்களின் முள்ளும் கூடவே குறைந்துபோனது. ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை. கோட்டை வாசலில் நம் சேவல் இறக்கிவிட்ட வேகத்திலேயே தோற்று ஓடியது.

"அதுக்கும் ஒரு பொடவ கட்டிவுடு," என்றார் மச்சான்.

அது போகட்டும். சேவல் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. அம்மாவைத் தெருவில் நிறுத்திப் பேசியதற்கு அவர் இன்றுவரை தப்பென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளிடம் நேரில் சொல்லட்டும். அதுவரை இந்தப் படி அவருக்கு இல்லை.