உப்புப் போட்ட குழி

லூர்த்தம்மாவுக்கு வாய்த்ததெல்லாம் கடதாசிப் பூதான். குருநகர்க் கரையோரத்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலமான கோடி முழுக்கச் சிப்பியும் உவர் மணலுமாகக் கிடந்தால் வேறென்னதான் பூக்கும்? வைகாசி மாதா வணக்கத்துக்கு, தோட்டக் காணிப் பக்கம் சொந்தக்காரர் உள்ள பெண்டுகள் மல்லிகையும் ரோசாவும் கொண்டுவருவார்கள். இவள் கலர்க் கடதாசியை மடித்துக்கொண்டு போய், மற்றவர்கள் பார்க்கமுன் மாதாவின் காலடியில் வைத்துவிட்டு வருவாள். வருஷா வருஷம் இந்த வெட்கக்கேடு.

எண்பத்தாறாம் ஆண்டு பிறந்ததும் அவளுக்கு வீம்பு பிடித்தது. இந்த வைகாசிக்குத் தன் கோடிக்குள் பூத்த ரோசா ஒன்றாவது மாதாவுக்கு வைத்தே தீருவது என்று நின்றாள்.

கரைவலை மீனில் அவள் போடும் கருவாட்டை வாங்க வரும் புத்தூர்த் தோட்டக்காரன் கதிரவேலு, கருவாட்டுக்குப் பதிலாகச் சைக்கிளில் சாக்குச் சாக்காகச் செம்மண் கொண்டுவந்து கொடுத்தான். லூர்த்தம்மா மணலைத் தோண்டிக் குழி எடுத்தாள், செம்மண் நிரப்பினாள், வெறும் சோடாப் போத்தல்களைத் தலைகீழாகப் புதைத்துப் பாத்திக்கு வரம்பு கட்டினாள், ரோசாத் தடிகளை நட்டாள். தெருக் குழாயில் பிடித்த நல்ல தண்ணீரை அவளே சுமந்துவந்து ஊற்றினாள்.

இவ்வளவுக்கும் நடுவில் அவளுடைய மனிசன் சிமியோன். நேவிக்காரர் கடலுக்குப் போகத் தடை போட்டதிலிருந்து ஆள் வீட்டோடுதான். கடலில் ராசாதான், யார் இல்லையென்றது? கோடிக்குள் நின்றால் பெரிய கரைச்சல். பாத்திக்கு மேலே வலையை விரிப்பார், போத்தலைப் பிடுங்கி நேராக்குகிறேன் என்று கோணலாக்குவார்.

"உங்களுக்குக் கும்பிட்டன், ஒண்டிலையும் கை வையாதேங்கோ!" என்று கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

தடிகள் துளிர்த்தன. செக்கச்செவேலென்ற கொழுந்துகளைப் பார்த்து அவள் பூரித்துப்போனாள். பிறகு என்ன வந்ததோ, இலைகளின் ஓரம் கருகியது. இன்னும் தண்ணீர் சுமந்தாள். வைகாசி நெருங்க, எல்லாம் வெறும் முள்ளுத் தடியாக நின்றன.

அடுத்த முறை வந்த கதிரவேலுவை அவள் பிடித்துக்கொண்டாள். "நல்ல மண்ணெண்டு சொல்லி என்னத்தைத் தம்பி கொண்டுவந்து கொட்டினனீ?"

"என்னை என்னவும் சொல்லுங்கோ அக்கா. எங்கடை மண்ணைக் குறை சொல்லாதேங்கோ." அவன் கருவாட்டைத் தொடாமலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சிமியோன் தலை நிமிரவில்லை. "அவன்ரை மண்ணிலை பிழையில்லை. நான்தான் கிளறிக் கொஞ்சம் உப்புப் போட்டனான்."

"உப்போ?"

"தென்னம்பிள்ளைக்குக் குழியிலை உப்புப் போட்டுத்தானே வைக்கிறது? கெதியாப் பூக்கட்டுமெண்டு எல்லாத்துக்கும் போட்டன்."

லூர்த்தம்மாவுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?"

"கேட்டால் விடுவியே? கடலுக்கும் விடுறாங்களில்லை. கோடிக்குள்ளை நீயும் விடுறாயில்லை."

அந்தச் சொல் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. மண்வெட்டியை அவருக்கு முன்னால் போட்டாள். "உப்பு மண் முழுக்க நீங்களே அள்ளுங்கோ. கருவாட்டைக் கொண்டு புத்தூருக்கும் நீங்களே போய், அந்தப் பொடியனிட்டை உள்ளதைச் சொல்லுங்கோ."

மறுநாள் பின்னேரம் சிமியோன் திரும்பி வந்தார். சைக்கிள் கரியரில் ஒரு சாக்குச் செம்மண்ணும், அதன் மேல் ஒரு தென்னம்பிள்ளையும் இருந்தன.

"கதிரவேலு சிரிச்சுப்போட்டுத் தந்துவிட்டவன். நான் போட்ட உப்பு இதுக்காவது உதவுமாம்." தென்னம்பிள்ளையைக் கையில் எடுத்தார். "எங்கை வைக்க? நீ சொல்லு."

கலியாணம் கட்டிய நாள் முதல் இந்த மனிசன் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. லூர்த்தம்மா கோபம் ஆறாமலே மூலையைக் காட்டினாள். "கக்கூசுக்குப் பின்னாலை."

நட்டுவிட்டு அவர் கை கழுவி வரும்போது, அவள் நிலத்தில் குந்தியிருந்து கலர்க் கடதாசி வெட்டிக்கொண்டிருந்தாள். இந்த வைகாசிக்கும் அதுதான். வெட்டியதில் பாதியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"இருந்து மடியுங்கோ. இதுக்கும் உப்பைப் போட்டிடாதேங்கோ."