கவர் இல்லாத மல்லாட்டை

எனக்குக் கோபம் வந்தா ஊருக்கே கேட்கும். "ராஜாமணி, பஸ்ஸுங்க உன் சத்தத்துக்குத்தான் பயந்து நிக்குது"ன்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு. அப்படிப்பட்ட நானே மனசாரக் கும்பிடுற ஒருத்தி குப்பம்மா.

விக்கிரவாண்டியில பஸ்ஸு நிக்கிற எடத்துல அவிச்ச மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விக்கிறவ. முன்னெல்லாம் பேப்பர்ல பொட்டலம் கட்டுவா. ஈரத்துல கிழிஞ்சி பாதி கொட்டிடும். எண்பத்தேழுல பிளாஸ்டிக் கவர் போட்டா, வியாபாரம் பிச்சிக்கினு போச்சு. தின்னவங்க கவரை ஜன்னல் வழியா வீசிட்டுப் போய்க்கினே இருப்பாங்க. ரோட்டோரம் எங்க கழனி.

அந்த ஐப்பசியில நல்ல மழை. காலையில போய்ப் பார்த்தா நாத்தங்கால் முழுகிக் கெடக்குது. ரோட்டுக்கடியில தண்ணி வடியிற குழாய் பூரா கவரு அடைச்சிக்கினு இருக்குது. அந்த நாத்து அழுகினா வேற வெதைநெல்லு கிடையாது, போகமே போச்சு. நேரா ரோட்டுக்கு ஏறி, பஸ்ஸு ஜனம் வேடிக்கை பார்க்கப் பார்க்க, குப்பம்மாவை வாயில வந்ததெல்லாம் திட்டினேன்.

அவ கூடையை எறக்கி வெச்சிட்டு, "எங்கக்கா, காட்டு"ன்னா. இடுப்பளவு தண்ணியில எறங்கி, தோள் வரைக்கும் குழாயில கைய விட்டு, கவரை இழுத்து இழுத்துப் போட்டா. நானும் எறங்கினேன். பொழுது சாயிறதுக்குள்ள நாத்து தலை தெரிஞ்சுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

"இனிமே கவர் வேணாங்க்கா"ன்னா. "அப்ப எதுல குடுப்ப?"ன்னு கேட்டேன். மேட்டுக் கொல்லையில நாங்க பிடுங்கிப் போட்டிருந்த மல்லாட்டைச் செடியைக் காட்டி, "காயைப் பறிக்காம அப்படியே குடு"ன்னா.

மண்ணைக் கழுவி, தழையை அறுத்துட்டு, காம்போட கொத்துக் கொத்தா அவிச்சு எடுத்துக்கினு போனா. "இன்னாம்மா, ஆட்டுக்கா விக்கிற?"ன்னு சிரிச்சாங்க. பாதிக் கூடை திரும்பி வந்துச்சு. எனக்கே மனசு கேக்கல. "பேஜாரா இருக்குது, கவரே போட்டுக்கோ. குழாயை நான் பார்த்துக்கிறேன்"னேன்.

"கைய விட்டு இழுத்தவளுக்குத்தான் தெரியும். உன் நாத்தை மறுபடியும் முழுக வுடமாட்டேன்"ன்னுட்டா.

போகப் போக ஜனத்துக்குப் பழகிடுச்சு. கொத்தை மடியில வெச்சிக்கினு, ஒண்ணொண்ணா பிச்சித் தின்னுக்கினு போனாங்க. வீசின காம்பை ஆடு தின்னுது.

தை மாசம் அறுப்பு முடிஞ்சதும் மொத மூட்டையை அவ வீட்டுல எறக்கினேன். "எனக்கு எதுக்குக்கா?"ன்னா.

"இது உன் கையால பொழைச்ச நெல்லுடி, உள்ள எடுத்து வை"ன்னேன்.