எந்த ஊர்த் தமிழில் கூப்பிடுவது

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் எழுதுகிற ஆள் இல்லை. தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாவது வரை படித்தேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பேசவே வராதவள் எழுத வந்துவிட்டாளே என்று யாராவது நினைத்தால் அதில் தப்பில்லை. ஆனால் இதைக் கூட இருந்து பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் டீச்சர். டில்லியிலேயே பிறந்த பெண், தமிழ் பேசுவாள், எழுத வராது. மிச்சம் நான்தான்.

டில்லி மோதி பாக்கில் அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்கு நடுவே ஒரு அறையும் முன்னால் ஒரு முற்றமும் இருக்கிறது. சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறார்கள். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை. நான் அதில் உதவிக்கு இருக்கிறேன். மூக்குத் துடைப்பது, பாத்ரூம் கூட்டிப்போவது, டிஃபன் டப்பா திறந்து கொடுப்பது, குளிர்காலத்தில் ஸ்வெட்டர் பொத்தான் போடுவது. பிள்ளைகள் என்னை ஆன்ட்டி என்பார்கள், அம்மாமார்கள் அக்கா என்பார்கள். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளும் வருவார்கள், ஜுக்கிக் குடிசைகளிலிருந்து வீட்டுவேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளும் வருவார்கள். இரண்டு பீகார்ப் பிள்ளைகள், ஒரு மணிப்பூர்ப் பிள்ளை கூட உண்டு.

எங்கள் வகுப்பில் வருஷா வருஷம் இரண்டு மூன்று பிள்ளைகள் மாதக்கணக்கில் வாயே திறக்காது. வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, வகுப்பில் ஆங்கிலப் பாட்டு. மூன்றும் மோதிக்கொண்டு பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். தீபாவளி வாக்கில் ஒருநாள் திறக்கும், அப்புறம் மூடவே மூடாது. இதைப் பார்த்துப் பார்த்துப் பழகியதால், பேசாத பிள்ளை வந்தால் நாங்கள் யாரும் கவலைப்படுவதில்லை. பாஷைக் குழப்பம், சரியாகிவிடும் என்போம். எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், நம்பித்தான் சொல்வோம்.

ஒரு ஜூலையில் அந்தப் பெண்பிள்ளை வந்தாள். நாலு வயது. இரட்டைச் சடை, பெரிய கண்கள். சங்ககிரிப் பக்கத்துக் குடும்பம். அப்பா பெயின்ட் வேலை, அம்மா சரோஜினி நகரில் வீட்டுவேலை. பிள்ளை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. டீச்சர் ஹிந்தியில் கூப்பிட்டுப் பார்த்தாள், ஆங்கிலத்தில் கூப்பிட்டுப் பார்த்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க கொஞ்சம் தமிழ்ல பேசிப் பாருங்க நா. என்னோட தமிழ் தமிழே இல்லன்னு எங்கம்மாவே சொல்றாங்க."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏட்டி, இங்கன வா, தண்ணி குடிக்கியா?" என்று கேட்டேன். என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். சிரித்தாள். பதில் இல்லை. மாலையில் அவள் அம்மாவிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"கோவிச்சுக்காதீங்க்கா. நீங்க பேசறது எனக்கே பாதி வெளங்கறதில்லீங். கொழந்தைக்கு எப்படிங்க வெளங்கும்? எங்கூர்ல கண்ணு, சாமின்னு கூப்புடுவோமுங்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து நான் சங்ககிரித் தமிழ் பேசப் பழகினேன். "வா சாமி", "ஏங்கண்ணு சாப்புடல" என்று. வீட்டில் என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "எந்த ஊர்க்காரி வந்திருக்கா நம்ம வீட்டுக்கு?" என்று கிண்டல் செய்தார். வீட்டில் பிள்ளை சொன்னதெல்லாம் கேட்கிறாள் என்று அம்மா சத்தியம் செய்தாள். எனக்குத்தான் உச்சரிப்பு சரியாக வரவில்லை என்று இன்னும் முயற்சி செய்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஸ்டாச்சூ விளையாட்டு உயிர். டீச்சர் மொபைலில் பாட்டுப் போடுவாள், எல்லோரும் ஆடுவார்கள். பாட்டு நின்றதும் ஆணி அடித்த மாதிரி நிற்கவேண்டும். அசைந்தவர் அவுட். இந்தப் பிள்ளை நன்றாக ஆடுவாள், நன்றாக நிற்பாள். எப்போதும் பின்வரிசையில் நிற்பாள், அவ்வளவுதான்.

தீபாவளி விடுமுறை முடிந்து வந்த வாரம், அவளுக்குப் புதுப் பாவாடை. டீச்சர் ஆசையாக அவளைக் கைப்பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "இன்னைக்கு நீ தான் லீடர், அச்சா?" பாட்டு போட்டாள். பிள்ளைகள் ஆடினார்கள். பாட்டை நிறுத்தினாள். எல்லோரும் நின்றார்கள். அவள் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தாள்.

முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, பாவாடையைப் பிடித்துச் சுற்றாமல், இடுப்பில் ஒரு கையை வைத்து, காலை மாற்றி மாற்றி வைத்து அழகாக ஆடினாள். பாட்டில்லாத முற்றத்தில் அவள் கொலுசுச் சத்தம் மட்டும். பின்னால் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "அவுட்! அவுட்!" என்று கத்தினார்கள். அவள் ஆடினாள். டீச்சரும் சிரித்துக்கொண்டே, "அரே, ஸ்டாப்!" என்றாள். அப்புறம் டீச்சரின் சிரிப்பு மெல்ல நின்றது. மொபைலை என் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளையின் பின்னால் போய் நின்று பலமாகக் கைதட்டினாள். மறுபடியும் தட்டினாள். பிள்ளை திரும்பவில்லை.

"ஆன்ட்டி, இவ்வளவு நாளா இவ மத்தவங்களைப் பாத்துதான் நின்னுருக்கா" என்றாள் டீச்சர்.

பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்தார்கள். காது ஏறக்குறைய கேட்கவில்லை. வீட்டில் ஏன் தெரியவில்லை என்றால், வீடு ஒரே அறை. அம்மா எதையும் தொட்டுத்தான் சொல்வாள். தோளைத் தட்டுவாள், தட்டைக் காட்டுவாள், தலையை ஆட்டுவாள். நெருக்கமான வீட்டில் எல்லோரும் அப்படித்தானே. காதில் மாட்டுகிற மிஷின் ஒன்று கொடுத்தார்கள். பெரிய சத்தம் மட்டும் கொஞ்சம் கேட்கும், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், மற்றப் பிள்ளைகளோடு இருப்பது நல்லது என்றார் டாக்டர்.

டீச்சர் வகுப்பையே மாற்றிப் போட்டாள். வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகள் அரைவட்டமாக உட்கார்ந்தார்கள், எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்க்கிற மாதிரி. போர்டு பக்கம் திரும்பிக்கொண்டு பேசுவது கிடையாது. எல்லோரையும் கூப்பிட டியூப் லைட்டை அணைத்து அணைத்துப் போடுவாள். யாரிடம் பேசினாலும் முதலில் தோளைத் தொடவேண்டும். தண்ணீருக்கு, பாத்ரூமுக்கு, போதும் என்பதற்கு, வா என்பதற்கு ஒவ்வொரு கைஜாடை. டீச்சர் சிலதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொடுத்தாள், மிச்சத்தைப் பிள்ளைகளே உண்டாக்கிக்கொண்டார்கள். மூக்கை இரண்டு விரலால் பிடித்தால் நான். சளி துடைப்பவள் என்று அர்த்தம். யார் அப்பாவுக்கும் மேல் உதட்டைத் தடவிக் காட்டுவார்கள், மீசை இல்லாத அப்பாவுக்கும்.

எனக்கு இது மிகவும் சௌகரியமாக இருந்தது. வாய்ப்பேச்சு குறைவான எனக்கு, கையால் பேசும்போது கூச்சமே வரவில்லை. எந்த ஊர்க்காரி என்றும் யாரும் கேட்கவில்லை. மணிப்பூர்ப் பிள்ளை அதுவரை எதுவும் வேண்டும் என்று கேட்டதே இல்லை. ஒருநாள் கட்டைவிரலை உதட்டில் வைத்துத் தண்ணீர் கேட்டான். நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

வீடுகளில் வேறு மாதிரி ஆனது. ஏற்கெனவே தங்கள் பிள்ளைகளின் பேச்சைப் பற்றிப் பயந்துகொண்டிருந்த பெற்றோர்கள்தான் எங்கள் பெற்றோர்கள். ஜனவரி கடைசியில் ஒவ்வொருவராக வந்து, பிள்ளை வீட்டிலும் ஏன் கையைக் காட்டுகிறது என்று கேட்டார்கள். அதில் முன்னால் நின்றவர் ஒரு பெரிய மீசைக்காரர், மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். கெட்ட மனிதர் இல்லை. எங்கள் குழாய் ஒழுகினால் ஞாயிற்றுக்கிழமை வந்து சரிசெய்து கொடுப்பவர் அவர்தான். அவருடைய பையன் வகுப்பிலேயே பெரிய வாயாடி.

வகுப்பின் பொறுப்பை ஒரு ரிட்டயரான அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை எல்லாப் பெற்றோரையும் வரச்சொன்னார். அன்று பேசி முடிவெடுப்பது, ஏப்ரலில் அந்தப் பிள்ளையை அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று. வேண்டாம் என்றால் காது கேளாதோர் பள்ளிக்குத்தான் போகவேண்டும். அது நகரத்தின் அந்தக் கோடியில், இரண்டு பஸ் மாறவேண்டும். கூட்டிப்போனால் அம்மா வேலைகளை விடவேண்டும். "போறதுக்கு வழியில்லீங்க்கா. ஊட்டுலதான் கெடப்பா" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

அன்று குளிர் விட்டு வெயில் இதமாக இருந்தது. முற்றத்தில் தரி என்கிற ஜமக்காளத்தை விரித்துப் பெற்றோர்கள் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் முற்றத்தின் மறுகோடியில் மரக்கட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் டீ கொடுத்தேன். அந்தப் பிள்ளையின் அம்மா தரியின் ஓரத்தில், வேலைக்குப் போகிற அவசரத்தில் பையை மடியில் வைத்தபடி இருந்தாள்.

"யாரையும் வெளிய அனுப்பணும்னு நான் சொல்லல மேடம்" என்றார் மீசைக்காரர். "ஆனா என் பையன் வீட்ல தண்ணி வேணும்னா வாயத் தொறக்கறதில்ல, வெரலக் காட்டறான். தமிழும் அரைகுறை, ஹிந்தியும் அரைகுறை. இப்ப கையும் சேர்ந்துச்சுன்னா, நாளைக்குப் பெரிய ஸ்கூல்ல இன்டர்வியூல என்ன பண்ணுவான்?"

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். டீச்சர், "உங்க பையன் இங்க நிறுத்தாம பேசறான் சார்" என்றாள். பொறுப்பாளர் அம்மா என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கோ, நாள் பூரா கூட இருக்கறவா நீங்கதானே" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். "பிள்ளைக எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை.

"நானே காட்டறேன் மேடம்" என்று மீசைக்காரர் பையனைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வா."

பையன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். எதிரில் அந்தப் பெண்பிள்ளை. நடுவில் ஒரு கட்டைக் கோபுரம். அவன் வரவில்லை.

"தம்பி! இதர் ஆ!" வரவில்லை. "டேய்! உன்னத்தான்டா!" என்று அவர் எழுந்து நின்று கையை வீசினார். குவார்ட்டர்ஸ் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப்பார்த்தாள். பையன் அசையவில்லை.

அந்தப் பெண்பிள்ளை நிமிர்ந்தாள். தூரத்தில் ஒருவர் வாயைத் திறந்து கையை வீசுவதைப் பார்த்தாள். கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். பையனின் தோளைத் தட்டினாள். மேல் உதட்டை இரண்டு பக்கமும் நன்றாக நீட்டித் தடவி, அவர் பக்கம் விரலைக் காட்டினாள்.

பையன் உடனே திரும்பினான். எழுந்து ஓடிவந்தான். "என்னப்பா?"

தரியில் இருந்த ஒரு அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏங்க, மொதல்ல உங்க புள்ளைக்கு ஒரு மிஷின் வாங்கி மாட்டுங்க" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஓரத்தில் இருந்தவளும் பையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

மீசைக்காரர் முகம் சிவந்துவிட்டது. "எத்தன தடவடா கூப்பிட்டேன்? காது கேக்கல?"

"கேட்டுச்சுப்பா. வெளையாடிட்டு இருந்தேன்."

"அப்புறம் இப்ப மட்டும் ஏன் வந்த?"

"அவ கூப்பிட்டாளே."

"இந்த வாய் இன்டர்வியூலயும் இருக்கணும்" என்றார். பையன் என்னவோ பதில் சொல்லத் தொடங்கி, சொல்லிக்கொண்டே கோபுரத்துக்கு ஓடினான். மீசைக்காரர் உட்கார்ந்தார். "வீட்ல வாயத் தொறந்து கேட்டாத்தான் தண்ணின்னு நான் சொல்லிக்கறேன் மேடம். இங்க எப்படி வேணுமோ அப்படி நடத்துங்க."

பொறுப்பாளர் அம்மா சுற்றிப் பார்த்தார். "அப்ப ஏப்ரல்ல இங்கதான் வரா. ஆச்சு" என்றார்.

பிள்ளையின் அம்மா அழவில்லை. எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் கெளம்பட்டுங்களா? முதல் வீட்டுக்கு நேரமாச்சுங்" என்றாள். போகும் வழியில் மகளின் தோளைத் தட்டி, கிளம்புகிறேன் என்று கையைக் காட்டினாள். மகள் தலையாட்டிவிட்டுக் கட்டைகளைப் பார்க்கத் திரும்பினாள். தரியை உதறி மடிக்கும்போது டீச்சர் என்னிடம் வந்து, இரண்டு விரலால் தன் மூக்கைப் பிடித்துக் காட்டிச் சிரித்தாள். டீ ஆறிப்போயிருந்தது. இருவரும் அதையே குடித்தோம்.

மறுநாள் பிள்ளையின் காது மிஷினில் பேட்டரி தீர்ந்திருந்தது. அப்படியும் அவள் வந்திருந்தாள். மீசைக்காரரின் பையன் சளி என்று வரவில்லை, திங்கட்கிழமை வந்தான்.