ஏழடிச் சுவரும் ஒரு குரலும்

நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். பூட்டின் சாவி கையில் இருந்தது. அந்தப் பக்கம் பார்வதி கத்தினாள். நான் கதவைத் திறக்கவில்லை.

போன மாதம், நட்டநடு மத்தியானத்தில் நடந்தது இது. அதை மறைத்துவிட்டு வாராவாரம் இந்தப் பத்தியில் வேறு எதையோ எழுதி உங்களிடம் சமாளித்துக்கொண்டிருந்தேன்... இனி முடியாது.

பார்வதி என் பக்கத்து வீட்டுக்காரி. கணவர் இறந்தபிறகு தனியாக இருக்கிறாள். பின்சந்து முனையில் உள்ள தொட்டியில் குப்பை போடப் போனவளின் கழுத்துச் சங்கிலியை, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள்.

சத்தம் கேட்ட நான் எட்டிப் பார்த்திருக்கலாமே? முடியாது. சுவர் ஏழடி. அதைக் கட்டச் சொன்னவனே நான்தான்!

அம்பாங்கானைத் தாண்டி, ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான், அதாவது குடியிருப்பு, எங்களுடையது. பாதிப் பேர் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள். லயத்தில் முன்வாசலைவிடப் பின்பக்கம்தான் கலகலப்பு. அந்தப் பழக்கம் இங்கேயும் வந்தது — மீன் கழுவுவது, துணி காயப்போடுவது, வம்பளப்பது எல்லாம் பின்சந்தில்தான். இடுப்பளவுக் கம்பிவேலி. புது ஆள் நுழைந்தால் எந்தச் சமையலறையிலிருந்தாவது ஒரு குரல் வரும்: "யாருப்பா அது?"

எனக்கு இதெல்லாம் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகவும் பட்டது.

பிறகு ஒரு வீட்டில் திருட்டு. குடியிருப்போர் சங்கத்துக்கு நான் தலைவர். நில அளவை அலுவலகத்தில் பிளான் வரைந்தவன் வேறு. சொன்னால் கேட்பார்கள். "திருடன் பின்பக்கமாகத்தான் வருவான். அதை அடைத்துவிடுங்கள்" என்றேன்.

லோரி ஓட்டும் குணசேகரன் மட்டும் எழுந்தார். "ஏன் சார், ஜெயில் மாதிரி ஆயிடும்லா?"

"ஜெயிலுக்குள்ளே திருடன் எவனும் ஏறிக் குதிக்க மாட்டான்" என்றேன். கை தட்டினார்கள்.

வரிசையாகச் சுவர்கள் எழும்பின. இரும்புத் தகட்டுக் கதவுகள், பூட்டுகள். வீட்டுக்குள் திருடன் வரவில்லை, உண்மைதான். சந்துக்குள் வந்தான். அங்கே அவனைப் பார்க்க ஒரு கண்கூட இல்லாமல் செய்து வைத்திருந்தேன்.

அன்று மோட்டார் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் கதவைத் திறந்தேன். சிதறிய குப்பைக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ரத்தக்கோடு.

"சார்... வீட்லதான் இருந்தீங்களா?"

"பாத்ரூம்ல இருந்தேன்மா."

அந்தப் பொய்யோடு எத்தனை நாள் தூங்குவது? ஒரு காலையில் போய் உண்மையைச் சொன்னேன். அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"தெரியும் சார். நான் கத்துறப்பவே சாவி சத்தம் கேட்டுச்சு."

அந்த வாரமே ஆள் வைத்து என் பின்சுவரை இடுப்பளவுக்கு இடித்தேன். அதன்மேல் கம்பிவலை. சமையலறை ஜன்னலை மறைத்திருந்த தகரத்தையும் கழற்றினேன். சந்து முழுக்கத் தெரிந்தது.

குணசேகரன் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். "என்னா சார், அன்னைக்குக் கட்டச் சொன்னீங்க, இன்னைக்கு இடிக்கிறீங்க. நாளைக்கு கூரையப் பிரிக்கச் சொல்வீங்களா?"

"நீங்களும் இடியுங்களேன்..."

"எங்க வூட்ல பொம்பளப் பிள்ளைங்க இருக்குது சார். பயமா இருக்குலா."

அவருக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தது யார்? போதாக்குறைக்கு, பின்னால் வைத்திருந்த என் சமையல் கேஸ் தோம்பும் காணாமல் போனது. தாமானே சிரித்தது.

ஆனால் பார்வதி மறுபடியும் பின்கதவைத் திறக்கிறாள். ஒரே நிபந்தனை. முதலில் உள்ளே இருந்தபடியே குரல் கொடுப்பாள்: "சார், இருக்கீங்களா?"

"இருக்கேன்மா!"

அதன் பிறகுதான் அவள் பூட்டு திறக்கும். அவள் தொட்டிவரை போய்த் திரும்பும்வரை நான் ஜன்னலை விட்டு நகர மாட்டேன். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி.

நேற்று அந்தக் குரல் வரவே இல்லை. மனசு கேட்காமல் அவள் பின்கதவருகே போய் விசாரித்தேன்.

"கூப்பிட்டேன் சார். பதில் இல்ல. குப்பைய உள்ளயே வச்சிட்டேன்."

"குளிச்சிட்டு இருந்தேன்மா. பாத்ரூம்ல..."

கதவிடுக்கு வழியாக என்னையே பார்த்தாள்.

"நெஜமாவே பாத்ரூமா சார்?"

இந்த முறை நிஜம்தான். சத்தியம் செய்ய வாயெடுத்தேன்... அதற்குள் பூட்டு விழும் சத்தம் கேட்டது.