பால்கோவா இல்லாமல் திரும்பிய புதன்கிழமை

"19.10.2022, புதன். ஐப்பசி 2, தேய்பிறை நவமி. அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மாலையில் திரும்பினார். பால்கோவா இல்லை. கடைகள் பூட்டியிருந்ததாகச் சொல்கிறார். தலை நனைந்திருக்கிறது. இங்கே மழை இல்லை."

நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் அன்றைய செய்தியை எழுதி வைப்பது என் பழக்கம். அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்காகப் பழைய தாள்களை எடுத்து, அவர் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தத் தாளைத் தாண்டிப் போக முடியவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை பூட்டியிருந்தது என்றால் எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தை கூடச் சிரிக்கும். அக்காவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அக்கா பிறந்தது இராஜபாளையத்தில். எங்கள் தந்தையார் அப்போது நூற்பாலையில் வேலை பார்த்தார். அக்கா மூத்தவர், நான் இளையவன். நான் பள்ளிக்குப் போகத் தொடங்கிய ஆண்டிலேயே அம்மா காலமானதால், எனக்குத் தலை வாரி அனுப்பியது முதல் வேட்டி கட்டக் கற்றுக்கொடுத்தது வரை எல்லாம் அக்காதான். அவரை ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் என்ற பகுதியில் கட்டிக் கொடுத்தோம். அந்த வாழ்க்கை சில ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. அத்தான் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டார். அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடும் தையல் மெஷினோடும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேசக் கிளம்பியபோது அவர் தடுத்துவிட்டார்.

"அவிய அங்க நல்லா இருக்கட்டும். எனக்கு இங்க என்ன கொறை?" என்றார். அதற்குப் பிறகு அத்தானைப் பற்றி அவர் வாயிலிருந்து நல்லதோ கெட்டதோ ஒரு சொல் வந்ததில்லை. கழுத்தில் தாலி மட்டும் இருந்தது.

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, டவுன் பஸ்ஸில் போய் வந்து, கடைசியில் கட்டிங் பிரிவையே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு உயர்ந்தார். அங்கே கிடைத்த தோழிதான் எங்கள் தெருவில் குடியிருக்கும் மும்தாஜ். என் மனைவி கல்யாணி ஆசிரியை. அதனால் எங்கள் ஒரே மகள் நிவேதா வளர்ந்ததெல்லாம் அத்தையின் கையில்தான்.

2022 ஆவணியில் நிவேதாவுக்குத் திருமணம் நடந்தது. மணமக்களுக்கு ஆரத்தி எடுக்க அக்கா தட்டை ஏந்தியபோது சம்பந்தியம்மாள் தாழ்ந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "புருசனோட வாழுற பொம்பளை யாரும் இல்லையா?" என்றார். நிவேதா மாலையும் கழுத்துமாக நின்றபடி, "எங்க அத்தை எடுக்காம நான் வாசப்படி தாண்ட மாட்டேன்" என்றாள். அக்காவே எடுத்தார்.

ஆகவே தலைத் தீபாவளியில் மணமக்கள் தலையில் எண்ணெய் வைக்கப் போவது யார் என்ற பேச்சே எழவில்லை. அத்தையின் கைதான் என்று நிவேதா தன் கணவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். மாமியாருக்கும் தெரியும்படிதான் சொல்லியிருப்பாள் என்பது என் ஊகம்.

அந்த வாரம் வீடு எப்படி இருந்திருக்கும் என்பதை இந்த மலரைப் படிப்பவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. வெள்ளையடிப்பு முடிந்து பெயிண்ட் வாசம் போகவில்லை. மாவு மில்லில் கூட்டம். மாப்பிள்ளைக்கு எடுத்த சட்டையின் அளவு பற்றி வாக்குவாதம். வியாழக்கிழமை பலகாரம் சுடத் தொடங்கினோம். எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அக்காவின் ஆட்சிக்கு உட்பட்டது. முதல் ஈடு முறுக்கை வேறு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் அடுப்படிக்குள்ளேயே வரவில்லை. பின்வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மும்தாஜைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ போய் அடுப்பப் பத்த வச்சு மொத ஈடு போடு மும்தாஜ். எனக்குக் கை வலி."

"கை வலின்னா நான் இருக்கேன்ல மதினி?" என்றாள் கல்யாணி. "இந்தக் கரண்டிய நான் தொட்டாத் தேஞ்சுருமா?"

"நீ பேசிக்கிட்டே கருக்கிருவ."

மும்தாஜ் யார் முகத்தையும் பார்க்காமல் சேலையைச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். எப்போதும் அவள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் தெருவுக்கே கேட்கும். அன்று ஒரு கூடை முறுக்கு முடியும்வரை வாய் திறக்கவில்லை. எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அவள் மேல்தான்.

கல்யாணியின் சந்தேகம் வேறு. "ஒங்க அக்காவுக்கு மாப்பிள்ளையப் புடிக்கல. நிச்சயதார்த்தத்தன்னைக்கே எம்புட்டுக் கேள்வி கேட்டாக, ஞாபகம் இருக்கா? அதான் அவருக்குன்னு பலகாரம் சுடக் கை வலிக்குது."

வெள்ளிக்கிழமை அக்கா தனித் தட்டில், தனி டம்ளரில் சாப்பிடுவதைக் கவனித்தேன். தையல் மெஷின் இருக்கும் அறையில் வெறுந்தரையில் படுத்துக்கொண்டார். பூஜை அறைப் பக்கம் திரும்பவில்லை. கொரோனாக் காலம் எங்கள் நினைவிலிருந்து போகாத சமயம் அது. அலமாரியில் கிடந்த ஆக்சிமீட்டரைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன்.

"ஏலே தம்பி, இது எதுக்கு?"

"விரல நீட்டுக்கா."

நீட்டினார். "எம்புட்டு காட்டுது?"

"தொண்ணூத்தெட்டு."

"ரெண்டு மார்க் போச்சா? ஒன்னய மாதிரி நானும் கணக்குல கோட்டை விட்டுட்டேன் போல" என்று சிரித்தார். சிரித்தது வாய் மட்டும்தான்.

சனிக்கிழமை காலை மகளும் மருமகனும் வந்து இறங்கினார்கள். அன்று மாலை இருவரையும் ஆண்டாள் கோவிலுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அக்கா அதைக் கலைத்தார்.

"தீபாவளிக் கூட்டத்துல ஸ்ரீவில்லிபுத்தூர்ல காலு வைக்க ஏலாது. அய்யனார் கோவிலுக்குப் போயிட்டு வாங்க. மாப்பிள்ளைக்கும் மலை பார்த்த மாதிரி இருக்கும்."

எந்த ஊர்க் கூட்டத்துக்கும் அஞ்சாதவர், ஆடிப்பூரத் தேரன்று முன்வரிசையில் நின்றவர் சொன்ன காரணம் இது. நான் மறுத்துப் பேசியதும், "அவுக சின்னஞ்சிறுசுக, நீ ஏன் எடையில வார?" என்று என் வாயை அடைத்தார். பிள்ளைகள் அய்யனார் கோவிலுக்குப் போனார்கள். அங்கே ஒரு குரங்கு மாப்பிள்ளையின் கூலிங் கிளாஸைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறியது. அந்த வாரத்தில் வீடு முழுவதும் சேர்ந்து சிரித்தது அதற்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கல்யாணியைக் கூப்பிட்டு, மறுநாள் எண்ணெய் வைக்கிற வேலை பெற்றவளுடையது என்று சொன்னார். அது நிவேதாவின் காதில் விழுந்தது. அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"யாருப்பா சொன்னது? எங்க மாமியார் போன் போட்டுச் சொன்னாகளா? இல்ல அம்மா எதுவும் சொன்னாளா?"

"யாரும் சொல்லலம்மா."

"அப்ப அத்தை என் முகத்தப் பாத்து ஏன் பேச மாட்டேங்குறாக? வந்ததுல இருந்து என்னயத் தொடக் கூட இல்ல."

அதுவும் உண்மைதான். பிள்ளை வந்து இறங்கியதும் கன்னத்தைத் தடவிப் பார்க்கிற அக்கா, இந்த முறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இப்படியாக, நிவேதா மாமியாரைச் சந்தேகித்தாள், கல்யாணி அக்காவைச் சந்தேகித்தாள், மாப்பிள்ளை தன்னைத்தான் யாருக்கோ பிடிக்கவில்லை என்று சந்தேகித்து முறுக்கைக் கூடக் கேட்டுக் கேட்டு எடுத்தார். நான் எல்லோரையும் சந்தேகித்தேன்.

திங்கட்கிழமை விடியலில் மணமக்களைப் பலகையில் உட்கார வைத்தோம். கல்யாணி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். நிவேதா தலையைக் கொடுக்கவில்லை.

"அத்தை வரட்டும்."

அக்கா கூடத்து வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றார். பழைய சேலை. "ஏட்டி, அடம் பிடிக்காத. நல்ல நாளும் அதுவுமா… யாரு கை வச்சா என்ன, எண்ணெய் ஒண்ணுதான?"

"எண்ணெய் கூட நீங்க காய்ச்சல. மும்தாஜ் அத்தைதான் காய்ச்சுனாக. எனக்குத் தெரியும்."

பக்கத்துப் பலகையில் மாப்பிள்ளை துண்டைக் கட்டிக்கொண்டு, எழுவதா இருப்பதா என்று தெரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். தெருவில் வெடிச்சத்தம். அக்கா ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். பிறகு அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். "கல்யாணி, வையி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். கல்யாணிதான் வைத்தாள். நிவேதாவின் கண்ணில் நீர் இறங்கியது. எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டதென்று மாப்பிள்ளையிடம் சொன்னாள்.

மறுநாள் மாலை சூரிய கிரகணம் என்பதால் மணமக்கள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். நிவேதா அத்தையிடம் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறினாள். கார் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு அக்கா உள்ளே போனார். சற்று நேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் கழுத்தில் தாலி இல்லை.

"தம்பி, அவிய தவறிட்டாக."

"யாருக்கா?"

கேள்வி கேட்கும் முன்பே என் கண் அவர் கழுத்தில் பதிலைப் பார்த்துவிட்டது. இருந்தும் கேட்டேன்.

"மடவார் வளாகத்துல. போன செவ்வாக்கெழமை. புதங்கெழமை எடுத்தாக."

செய்தியைக் கொண்டு வந்தது மும்தாஜ். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருக்கும் அவளுடைய கொழுந்தன் புதன் காலையில் அவளுக்குப் போன் செய்திருக்கிறார். பால்கோவா என்று சொல்லிவிட்டு இருவரும் அன்றே அங்கே போயிருக்கிறார்கள். எங்கள் வழக்கத்தில், சாவுச் செய்தி காதில் விழுந்த பிறகுதான் தீட்டு. விழுந்துவிட்டால் தலை முழுக வேண்டும், வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, பண்டிகை கிடையாது. தலைத் தீபாவளி ஒரு முறைதான் வரும்.

"ஒங்க காதுல விழலன்னா ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. அதான் என்கிட்டயே வச்சுக்கிட்டேன்" என்றார் அக்கா. "நான் சட்டியத் தொடல, சாமியத் தொடல, பிள்ளையத் தொடல. மும்தாஜுக்கு இந்தத் தீட்டெல்லாம் கெடையாது. அதான் அவள வச்சு அடுப்பு மூட்டுனேன்."

"யாருக்கும் தெரியாதேக்கா. எண்ணெய மட்டும் வச்சு விட்டிருக்கலாமே. பிள்ளை அழுதுட்டுப் போறா."

"ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல? அது தலையில கை வைக்கிறப்ப உறுத்தாதா?"

கல்யாணி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆண்டாள் கோவிலுக்கு ஏன் வேண்டாம்னீக மதினி?" என்று மட்டும் கேட்டாள்.

"சொவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்காக. அவிய போட்டோவோட."

சில வாரங்கள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்தேன். மழையில் பாதி கரைந்திருந்தது. அத்தானின் முகம் நான் நினைத்திருந்ததை விட முதுமையாக இருந்தது. கிழமை செவ்வாய்தான். அக்கா சொன்னது சரி.

நிவேதாவுக்குக் கிரகணத்தன்றே போனில் சொல்லியிருந்தோம். எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டாள். பிறகு, "அத்தைகிட்டக் குடுங்க" என்றாள். இருவரும் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. அக்கா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அடுத்த தீபாவளிக்கு நிவேதா கைக்குழந்தையோடு வந்தாள். சம்பந்தியம்மாளும் உடன் வந்திருந்தார். விடியலில் பலகையில் உட்கார்ந்துகொண்டு, "அத்தை" என்று குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, இப்ப எல்லாருக்கும் தெரியும்லா" என்றார் அக்கா, சம்பந்தியம்மாளைப் பாராமல்.

"தெரியட்டும். போன வருசம் தெரியாமக் கேட்டேன். இந்த வருசம் தெரிஞ்சேதான் கேக்கேன்."

நான் சம்பந்தியம்மாளின் முகத்தைக் கவனித்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், கடைசியில், "எண்ணெய் ஆறிப்போவுது, வைக்கிறவுக வைங்க" என்றார். அது சம்மதமா, பசியா என்று இன்றும் எனக்கு ஐயம் உண்டு. அக்கா வந்தார். கிண்ணத்தில் விரலைத் தோய்த்து நிவேதாவின் உச்சியில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. பிறகு குழந்தைக்கும் வைத்தார்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு இதயம் பலவீனமடைந்தது. மதுரையில் மருத்துவமனையில் இருந்த நாட்களிலும் நைட்டிக்குக் கழுத்து எப்படி வெட்ட வேண்டும் என்று செவிலியர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பிச் சில நாட்களில், ஒரு பிற்பகலில், நிவேதாவின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் பிரிந்தார்.

அக்காவை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மும்தாஜுக்கும் அவள் குடும்பத்தாருக்கும், தளவாய்புரத்திலிருந்து வண்டி பிடித்து வந்து நின்ற தையல் தோழியருக்கும், மருந்து வாங்க அலைந்த தெருக்காரர்களுக்கும், மாப்பிள்ளைக்கும், இறுதி நாளில் அக்காவின் காலடியில் அழுத சம்பந்தியம்மாளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மடவார் வளாகத்திலிருந்து மாலையோடு வந்த அத்தானின் மகனுக்கும் நன்றி. அவரை நாங்கள் யாரும் அழைக்கவில்லை. அவராகவே வந்தார்.

எழுதி முடிக்கும் முன் ஒன்றைச் சரிபார்க்க முயன்றேன். அந்தப் புதன்கிழமை அக்கா அத்தானின் முகத்தைப் பார்த்தாரா? உடன் சென்ற மும்தாஜ் சொல்வது: "என்னயத் தெருமுனையில நிக்கச் சொல்லிட்டு அக்கா மட்டும் போனாக. பொறவு தலை முழுகிட்டு வந்தாக. எங்க முழுகுனாகன்னு நான் கேக்கல." அத்தானின் மகன் சொல்வது: "அன்னைக்கு நெறையப் பொம்பளையாளுக வந்து போனாக. எனக்கு யாரையும் அடையாளம் தெரியல." அந்தத் தெருமுனையில் பூ விற்கும் பெண்மணி, அக்காவின் படத்தைப் பார்த்துவிட்டு, மாலை வாங்கியது இவர்தான் என்றார். பிறகு, இல்லை, அது வேறு ஆள் என்றார்.

அக்காவிடம் நேரடியாகக் கேட்டதில்லை. ஆகவே, அக்கா அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே சென்றாரா, தெருவிலேயே நின்று திரும்பினாரா என்பது இந்த மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.